வானும் கம்பியும்: மைசூர் அக்ரஹாரத்திற்குத் தமிழ் வந்த வழிகள்

பிறந்த நாட்டை விட்டுப் பிற மாநிலத்தில் குடியேறிய குடும்பத்திற்குத் தாய்மொழி இரண்டு வழிகளில் வந்து சேருகிறது. ஒன்று, வீட்டிலுள்ள பெரியோரின் வாய்மொழி. மற்றொன்று, வெளியிலிருந்து வீட்டிற்குள் நுழையும் எழுத்தும் ஒலியும் காட்சியும். முதல் வழி அவரவர் கையில் இருக்கிறது. இரண்டாம் வழி காலந்தோறும் மாறிவரும் கருவிகளையும், அக்கருவிகளை ஆள்வோரையும் பொறுத்திருக்கிறது. ஆதலின், வெளிமாநிலத் தமிழர் இல்லங்களில் ஒரு கருவி நீங்கி மற்றொரு கருவி இடம்பெறும்போது, அதனை வீட்டுச் செலவுக் கணக்காக மட்டும் கருதுவது போதாது.

இன்று அத்தகைய மாற்றம் ஒன்று நடைபெற்று வருகிறது. மாதந்தோறும் கட்டணம் பெற்றுக் கம்பிவழியே படம் காட்டிவந்த கேபிள் தொலைக்காட்சியைப் பலர் நிறுத்திவிட்டனர். அதற்கு ஈடாக, இணையத்தின் வழியே வரும் ஓடிடி எனப்படும் ஒளிபரப்பையும், மொட்டைமாடியில் நாட்டிய சிறு டிஷ் ஆன்டெனாவையும் வைத்துக்கொள்கின்றனர். இம்மாற்றத்தின் முன்வரலாற்றை மைசூர் நகரின் அக்ரஹாரம் என்னும் பகுதியை நடுவாக வைத்து ஆராய்வது பொருத்தமாகும். மைசூருக்கும் வானலைக்கும் உள்ள உறவு நெடியது. அக்ரஹாரத்திற்கும் தமிழுக்கும் உள்ள உறவு அதனினும் நெடியது.

அரண்மனைக்குத் தெற்கே பரந்து கிடக்கும் இப்பகுதி, பெயருக்கேற்ப ஒரு காலத்தில் அந்தணர் குடியிருப்பாக விளங்கியது. இன்று கடைகளும் அலுவலகங்களும் பல சமூகத்தாரின் இல்லங்களும் கலந்து நிற்கும் நகர்ப்பகுதி அது. மைசூர் நாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். அலுவல், வாணிகம், தொழிற்சாலை வேலை ஆகியவற்றின் பொருட்டு அண்மைத் தலைமுறைகளில் வந்தவர்கள் ஒரு வகையினர். ஹெப்பார் ஐயங்கார், மண்டயம் ஐயங்கார் முதலிய பெயர்களால் வழங்கும் வைணவக் குடும்பத்தினர் மற்றொரு வகையினர். இவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கன்னட நாட்டிலேயே வாழ்பவர்கள். வீட்டிற்குள் கன்னடச் சொற்கள் விரவிய ஒருவகைத் தமிழைப் பேசுவர். பள்ளியிலும் கடிதத்திலும் கன்னட எழுத்தையே கையாளுவர். தமிழ் எழுத்தறியாமல் தமிழ்ப் பேச்சை மட்டும் காத்துவரும் இத்தகையோர்க்கு நூலும் இதழும் பயன்படா. காதால் கேட்கும் தமிழ் ஒன்றே அவர்களுக்கும் தமிழகத்திற்கும் இடையே உள்ள பாலம். வானொலியும் தொலைக்காட்சியும் இங்கே மற்ற இடங்களைவிட மிகுந்த முக்கியத்துவம் பெறுவதற்கு இதுவே காரணமாகும்.

இனி வானொலியின் கதைக்கு வருவோம். தென்னாட்டில் ஒலிபரப்பு முதன்முதல் தோன்றியது சென்னையில். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோரின் முயற்சியால் 1924-ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகம் அமைந்து, அவ்வாண்டிலேயே ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுட்டுப்பாட்டால் அது நின்றுபோகவே, 1930-ஆம் ஆண்டு முதல் சென்னை நகராண்மைக் கழகம் அப்பணியை ஏற்று நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் அமைத்து மக்கள் கூடிக் கேட்குமாறு செய்தது. பின்னர் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் திருச்சி நிலையமும் தொடங்கப்பெற்றன.

இவ்விரண்டிற்கும் முன்னரே மைசூரில் ஒரு நிலையம் ஒலித்துக்கொண்டிருந்தது. மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசுவாமி அவர்கள், 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ‘விட்டல விஹார்’ என்னும் தம் இல்லத்திலேயே ஒலிபரப்பு நிலையம் ஒன்றை அமைத்தார். அதன் ஆற்றல் 30 வாட். இன்று ஒரு வீட்டின் அறையில் எரியும் மின்விளக்குகளின் ஆற்றலோடு ஒப்பிடத்தக்க அளவே அது. அச்சிறு கருவியைக் கொண்டு இசையும் கவிதையும் உரையும் நகர மக்களுக்கு வழங்கப்பெற்றன. அந்நிலையத்திற்கு ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் வழங்கியது. 1942-ஆம் ஆண்டில் மைசூர் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. 1950-ஆம் ஆண்டில் அது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. 1955-ஆம் ஆண்டில் நிலையம் பெங்களூருக்கு மாறியது. மைசூருக்கு மீண்டும் தனி நிலையம் கிடைத்தது 1974-ஆம் ஆண்டில்தான். ஒரு பேராசிரியரின் வீட்டில் வழங்கிய அப்பெயர் நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்னும் ஆங்கிலப் பெயரை ஸ்தாபனம் கைவிட்டு, ‘ஆகாசவாணி’ என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டது.

மைசூர் நிலையம் கன்னட நாட்டின் நிலையம். அதில் கன்னடம் முதலிடம் பெற்றது முறையே. அவ்வாறாயின், அக்ரஹாரத்துத் தமிழ்க் குடும்பம் தமிழை எவ்வாறு கேட்டது? இரவு அதற்குத் துணைசெய்தது. வானொலியின் மத்திய அலைக்கு ஓர் இயல்பு உண்டு. பகற்பொழுதில் சூரிய ஒளியின் தாக்கத்தால் வளிமண்டலத்தின் உயரத்தே மின்னூட்டம் பெற்ற அடுக்கு ஒன்று உருவாகி, மேலே செல்லும் அலைகளை விழுங்கிவிடுகிறது. கதிரவன் மறைந்தபின் அவ்வடுக்குக் கலைகிறது. அதற்கும் மேலேயுள்ள அடுக்கு, கண்ணாடி ஒளியைத் திருப்புவதுபோல் அலையைப் பூமிக்குத் திருப்பி அனுப்புகிறது. இதனால் பகலில் எட்டாத நிலையங்கள் இரவில் நூற்றுக்கணக்கான கல் தொலைவு கடந்து கேட்கின்றன. மாலைப்பொழுது கழிந்ததும் திருச்சியும் சென்னையும் மைசூர் வீடுகளில் மெல்ல மெல்லத் தெளிந்து ஒலித்தன. சிற்றலையில் இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளும் கடல் கடந்து வந்தன. ஒலி ஏறும், இறங்கும்; இடையே கரகரப்பு மிகும். ஆயினும் அதற்குத் தனிக்கட்டணம் ஏதும் இல்லை. யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தினால் போதும். அவ்வுரிமமும் 1980-களின் நடுப்பகுதியில் நீக்கப்பட்டது.

மாநில எல்லையை அலை அறியாது என்னும் இவ்வுண்மை, தொலைக்காட்சி வந்தபோது மாறிவிட்டது. இந்தியாவில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் டில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னைக்கு அது 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாளிலும், பெங்களூருக்கு 1981-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலும் வந்தது. தொலைக்காட்சிக்குப் பயன்படும் மீயுயர் அதிர்வெண் அலை, மத்திய அலையைப்போல் வானில் பட்டுத் திரும்புவதில்லை. அது ஏறத்தாழ நேர்கோட்டிலேயே செல்லும். 150 மீட்டர் உயரமுள்ள கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, சமதரையில் 50 கிலோமீட்டர் அளவு சென்றதும் பூமியின் வளைவால் தரைமட்டத்தை விட்டு விலகிப்போகும். பெங்களூர் மைசூரிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்னையோ அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. எவ்வளவு உயரத்தில் ஆன்டெனா நாட்டினாலும் சென்னைப் படத்தை அக்ரஹாரத்தில் பிடிக்க இயலாது.

மொட்டைமாடிகளில் மீன்முள்போல் நின்ற அந்த அலுமினியக் கம்பிச் சட்டத்தை நேயர்கள் பலர் நினைவிற் கொண்டிருக்கக்கூடும். ஜப்பான் நாட்டு அறிஞர்களாகிய யாகி, உடா என்னும் இருவர் 1926-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்த அமைப்பு அது. ஒரு கம்பி அலையைப் பெறும். அதற்குப் பின்னுள்ள கம்பி அலையைத் திருப்பும். முன்னுள்ள கம்பிகள் அலையைக் குவிக்கும். நிலையம் இருக்கும் திசையை நோக்கி அதனைத் திருப்பி வைத்தாலன்றிப் படம் தெளியாது. வீட்டார் ஒருவர் மாடியில் ஏறிச் சட்டத்தைத் திருப்ப, மற்றொருவர் கூடத்தில் நின்று படத்தைப் பார்த்துக் குரல்கொடுப்பது அக்காலத்தில் எவ்வூரிலும் காணக்கூடிய காட்சியாக இருந்தது.

1983-ஆம் ஆண்டில் இன்சாட்-1பி என்னும் செயற்கைக்கோள் விண்ணில் நிலைகொண்டது. அதனைத் தொடர்ந்து 1984-இல், ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஒரு நிலையம் என்னும் விரைவில், நாடெங்கும் சிறு அஞ்சல் நிலையங்கள் எழுந்தன. டில்லியின் தேசிய நிகழ்ச்சி சிற்றூர்களையும் எட்டியது. அதனோடு மாநில மொழி நிகழ்ச்சியும் வந்தது; கர்நாடகத்தில் அது கன்னடமாக இருந்தது. தமிழகத்தில் உள்ளோர் வெள்ளிக்கிழமை மாலைகளில் ‘ஒலியும் ஒளியும்’ பார்த்து மகிழ்ந்த காலத்தில், மைசூர்த் தமிழர் அதனைக் கடிதத்திலும் விடுமுறைப் பயணத்திலும் மட்டுமே அறிந்தனர். ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படங்களைத் தூர்தர்ஷன் முறைவைத்துக் காட்டியபோது, தமிழின் முறை வரும் வாரத்திற்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அக்காலத்து நிகழ்ச்சிகளுள் ஒன்றை இங்கே தனித்துக் குறிப்பிடவேண்டும். அது 1980-களின் பிற்பகுதியில் ஒளிபரப்பான ‘மால்குடி டேஸ்’ தொடர். மைசூரில் வாழ்ந்த தமிழராகிய ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளைக் கன்னடக் கலைஞர் சங்கர் நாக் படமாக இயக்கினார். நாராயணின் இளவல் ஆர். கே. லக்ஷ்மண் ஓவியம் தீட்டினார். எல். வைத்தியநாதன் இசையமைத்தார். கர்நாடகத்து மலைநாட்டு ஊராகிய ஆகும்பேயில் காட்சிகள் எடுக்கப்பெற்றன. நாட்டு மக்கள் பெரும்பாலோர் அதனை இந்தியில் கண்டனர். ஒரு நகரத்தின் மொழிகள் எத்துணை நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும் தமிழர் எழுதி, தமிழர் வரைந்து, தமிழர் இசையமைத்த அத்தொடர் மைசூர்த் தமிழர் வீட்டிற்குத் தமிழாக வரவில்லை. ஆன்டெனாக் காலத்தின் நிறையும் குறையும் இவ்வொன்றிலேயே விளங்குகின்றன.

இக்குறையைக் கேபிள் நீக்கியது. கேபிள் என்பது முதலில் தனித்த ஒளிபரப்பு முறையாகத் தோன்றியதன்று. அமெரிக்க நாட்டின் மலைப்பகுதிகளில், அலை எட்டாத ஊர்களில், 1948-ஆம் ஆண்டளவில் குன்றின்மேல் ஓர் உயர்ந்த ஆன்டெனாவை நாட்டி அதிலிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தனர். ஊருக்கெல்லாம் ஒரே ஆன்டெனா என்பதே அதன் தொடக்கப் பொருள். இந்தியாவில் 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரின் செய்திகளை அயல்நாட்டு அலைவரிசையில் காணும் ஆவலும், அவ்வாண்டில் ஸ்டார் தொலைக்காட்சி செயற்கைக்கோள் வழியே வந்ததும், நகரத் தெருக்களில் கேபிள் தொழிலை வளர்த்தன. தெருவில் ஒருவர் பெரிய டிஷ் ஒன்றைத் தம் மாடியில் அமைப்பார். அது பெற்ற அலைகளை ஓரச்சுக் கம்பியில் ஏற்றி, மின்கம்பங்களிலும் மரக்கிளைகளிலும் கட்டி, வீடு வீடாகக் கொண்டுசெல்வார். கம்பி நீள நீள அலை நலியுமாதலால் இடையிடையே பெருக்கிகளை வைப்பார். மாதப் பிறப்பில் கட்டணம் வாங்க வருபவரும், மழையில் அறுந்த கம்பியை முடிய வருபவரும் அவரே. ‘கேபிள்காரர்’ என்னும் சொல் நம் பேச்சுத் தமிழில் இவ்வாறு இடம்பெற்றது.

1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டன்று, சன் தொலைக்காட்சி தொடங்கியது. தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சில மணி நேரமே நிகழ்ந்த அவ்வொளிபரப்பு, செயற்கைக்கோளிலிருந்து வந்தமையால், சென்னைக்கும் மைசூருக்கும் வேறுபாடு கருதவில்லை. அடுத்த ஆண்டில் கன்னடத்தில் உதயா தொலைக்காட்சி தோன்றியது. இரவின் மத்திய அலைக்குப் பின்னர், தமிழ் மீண்டும் எல்லை கடந்தது. இம்முறை பகலிலும், தெளிவான காட்சியுடனும் வந்தது. 1995-ஆம் ஆண்டில் கேபிள் தொழிலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பெற்றது. அவ்வாண்டிலேயே உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுமக்களின் உடைமை என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

ஆனால் வானலை பொதுவுடைமையாயினும் கம்பி அவ்வாறன்று. கம்பிக்கு ஒரு முனையும் அம்முனையில் ஒரு கையும் உண்டு. 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் காவிரி நீர்ப் பங்கீட்டுப் பூசல் மூண்டபோது, கர்நாடகத்தில் கேபிள் நடத்துவோர் பலர் தமிழ் அலைவரிசைகளை நிறுத்திவைத்தனர். கொந்தளிப்பான நேரத்தில் அமைதி கருதியும் அச்சத்தாலும் அவ்வாறு செய்யப்பட்டிருக்கலாம். அதனைப் பெரிதுபடுத்துவது இவ்வுரையின் நோக்கமன்று. நாம் அறியவேண்டியது அக்கருவியின் இயல்பைத்தான். இரவு நேரத்தில் திருச்சி நிலையத்தை யாரும் தெருமுனையில் நின்று தடுத்திருக்க முடியாது. கேபிளில் வரும் தமிழை ஒரு விசையால் நிறுத்த முடிந்தது. ஒரு குடும்பம் தன் தாய்மொழியைப் பெறுவதற்கு ஒரே வழியை மட்டும் நம்பியிருந்தால், அவ்வழி அடைபடும் நாளில் வீடு மௌனமாகிவிடும். வரலாறு காட்டும் முதற்பாடம் இது.

இரண்டாம் பாடம் செலவைப் பற்றியது. கேபிளை எண்முறைக்கு மாற்றும் இரண்டாம் கட்டத்தில், 2013-ஆம் ஆண்டில், மைசூரும் பெங்களூரும் சேர்க்கப்பட்டன. வீடுதோறும் செட்டாப் பாக்ஸ் வந்தது. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் புதிய கட்டணமுறை நடைமுறைக்கு வந்தபோது, முதல் 100 அலைவரிசைகளைக் கொண்டுவருவதற்கான கட்டணத்தின் உச்சவரம்பு 130 ரூபாய் என விதிக்கப்பட்டது; வரியைச் சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. கட்டண அலைவரிசைகளுக்குத் தனியே விலை செலுத்தவேண்டும். தமிழகத்தில் வாழ்வோருக்கு 2011-ஆம் ஆண்டில் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் கம்பி மாநில எல்லையைத் தாண்டி வரவில்லை. கன்னடத்தையும் வேண்டி, தமிழையும் வேண்டி, பிள்ளைகளின் படிப்புக்கும் விளையாட்டுக்கும் உரியவற்றையும் வேண்டும் வெளிமாநிலக் குடும்பம், இரண்டு மொழித் தொகுப்புகளுக்கும் சேர்த்துப் பணம் கட்ட நேர்ந்தது.

இந்நிலையில்தான் இணையம் நுழைந்தது. 2015-ஆம் ஆண்டில் ஹாட்ஸ்டாரும், 2016-ஆம் ஆண்டில் நெட்ஃபிளிக்ஸும் பிரைம் வீடியோவும், 2017-ஆம் ஆண்டில் சன் நெக்ஸ்டும் வந்தன. 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ நிறுவனம் தொடங்கிய சேவையால் இணையத்தின் விலை வீழ்ந்தது. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றுக் காலத்து முடக்கம், இல்லங்களை இணையத்தோடு இறுகப் பிணைத்தது. கேபிளை நிறுத்தும் எண்ணம் பலருக்கு அப்போது வலுப்பெற்றது.

ஒளிபரப்புக்கும் இணையவழிக்கும் அடிப்படையில் ஒரு வேற்றுமை உண்டு. ஒளிபரப்பு, கோபுரத்தில் ஏற்றிய விளக்கைப் போன்றது. அதன் ஒளியை ஒருவர் கண்டாலும் ஓராயிரவர் கண்டாலும் எண்ணெய் ஒன்றே. இணையவழியோ ஒவ்வொரு வீட்டிற்கும் தனித்தனியே விளக்கேந்திச் செல்லுதல் போன்றது. பார்ப்போர் பெருகப் பெருகப் பாரமும் பெருகும். சாதாரணத் தெளிவுள்ள படத்திற்கு மணிக்கு ஒரு கிகாபைட் வரையிலும், உயர்தெளிவுப் படத்திற்கு மூன்று கிகாபைட் வரையிலும் தரவு செலவாகும். நாள்தோறும் மூன்று மணி நேரம் தொலைக்காட்சி பார்க்கும் முதியவர் உள்ள வீட்டில், தொலைபேசியின் அன்றாட ஒதுக்கீடு போதாது. வீட்டிற்கு ஒளியிழை இணைப்பு வேண்டும். ஆகவே கம்பி முற்றிலும் ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை. ஒரு கம்பியின் இடத்தில் மற்றொரு கம்பி வந்திருக்கிறது. ஆயினும் புதிய கம்பியின் வழியே எதைக் கொணர்வது என்பதைத் தெருமுனையில் உள்ளவர் தீர்மானிப்பதில்லை. வீட்டில் உள்ளவர் தீர்மானிக்கிறார். இஃது ஒரு பெரிய மாற்றமே.

ஆன்டெனாவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்காவில் வாழும் உறவினர், கேபிளை நீக்கி மாடியில் ஆன்டெனா வைத்ததாகவும், நகர நிலையங்கள் பலவற்றைக் கட்டணமின்றிப் பெறுவதாகவும் கூறக் கேட்டிருக்கலாம். அங்கே 2009-ஆம் ஆண்டில் தரைவழி ஒளிபரப்பு எண்முறைக்கு மாறி, இன்றும் நடைபெறுகிறது. நம் நாட்டில் நிலை வேறு. தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி நிலையங்களைப் படிப்படியே மூடியது. 2022-ஆம் ஆண்டளவில் முக்கியமான இடங்களில் ஐம்பதளவு மட்டுமே விடப்பட்டன. ஆதலின் பழைய மீன்முள் ஆன்டெனாவைத் துடைத்து நாட்டுவதால் மைசூரில் பயன் விளையாது. நமக்கு அதன் இடத்தில் இருப்பது ‘டிடி ஃப்ரீ டிஷ்’ என்னும் கட்டணமில்லாச் சேவை. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் வேறு பெயரோடு தொடங்கிய அதற்குச் சிறு டிஷ்ஷும் பெட்டியும் வாங்கும் ஒருமுறைச் செலவே உண்டு. மாதக் கட்டணம் இல்லை. ஜிசாட்-15 என்னும் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்பதால், மைசூரில் டிஷ்ஷைத் தென்கிழக்கு முகமாக, தரையிலிருந்து ஏறத்தாழ 66 பாகை உயர்த்திக் குறிவைக்கவேண்டும். டிடி தமிழ் அதில் வருகிறது. பொதிகை என்று நாம் அறிந்திருந்த அலைவரிசைதான் 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பெயர் பெற்றது. கன்னடத்திற்குச் சந்தனா அலைவரிசை வருகிறது. வானொலி நிலையங்கள் பலவும் அதே டிஷ்ஷில் கேட்கின்றன.

ஆயினும் அதன் குறையையும் மறைத்தல் தகாது. தனியார் அலைவரிசைகளுக்கு அதில் இடம் ஏலமுறையில் அளிக்கப்படுகிறது. கட்டணமில்லாச் சேவையைப் பெருவாரியாகப் பயன்படுத்துவோர் வடமாநிலத்தவர். ஆதலால் ஏலம் எடுப்போரும் பெரும்பாலும் இந்தி அலைவரிசைக்காரர்களாகவே உள்ளனர். தமிழின் பங்கு அங்கே சிறிது. கேபிளை நிறுத்திய வீட்டார் இப்பற்றாக்குறையை இணையத்தால் நிரப்பிக்கொள்கின்றனர். டிஷ் ஒன்று, இணையம் ஒன்று எனும் இரட்டை ஏற்பாடு இவ்வாறு உருவாயிற்று. 2024-ஆம் ஆண்டு நவம்பரில் பிரசார் பாரதி ‘வேவ்ஸ்’ என்னும் தன் இணையச் சேவையைத் தொடங்கியது. திருச்சி நிலையத்தையும் சென்னை நிலையத்தையும் கைப்பேசிச் செயலியில் பகலிலேயே, கரகரப்பின்றிக் கேட்கலாம். தாத்தா இரவு வரும்வரை காத்திருந்து கேட்டதைப் பேரன் காலைச் சிற்றுண்டியின்போது கேட்கிறான்.

கேட்கிறானா என்பதே இனி எழும் கேள்வி. செலவும் வசதியும் கணக்கிட்ட பின்னும் கணக்கில் வராத ஒன்று எஞ்சி நிற்கிறது. கேபிள் காலத்தில் கூடத்தில் ஒரே பெட்டி இருந்தது. பாட்டி தமிழ்த் தொடரைப் பார்த்தால், மூலையில் வீட்டுப்பாடம் எழுதிய குழந்தையின் காதிலும் அத்தமிழ் விழுந்தது. குழந்தை அதனைத் தேடிச் செல்லவில்லை. அதற்காக முயலவும் இல்லை. விரும்பாமலே கேட்டது, கேட்டதனாலேயே அறிந்தது. ஆன்டெனாக் காலத்தில் வீட்டாரெல்லாம் கன்னடமும் இந்தியும் ஓரளவு கற்றதும் இவ்வாறே. தேர்ந்தெடுக்க இயலாமை அக்காலத்தின் குறைதான். ஆயினும் அக்குறையிலிருந்தே ஒரு நன்மை விளைந்தது.

இணையவழியில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை இருக்கிறது. ஒவ்வொருவர் காதிலும் ஒரு செவிப்பொறி இருக்கிறது. ஒரே படத்தைப் பல மொழிகளில் ஒன்றைத் தேர்ந்து கேட்கும் வசதியும் உண்டு. தமிழ்ப் படத்தையே குழந்தை ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ கேட்டு முடித்துவிடலாம். முன்னர் இருந்ததைவிடப் பன்மடங்கு தமிழ் இப்போது வீட்டின் வாயில்வரை வந்து நிற்கிறது. ஆனால் கதவைத் திறந்து அழைத்தாலன்றி அஃது உள்ளே வருவதில்லை. தமிழ் எழுத்தறியாமல் காதால் மட்டும் தமிழைக் காத்துவந்த பழைய மைசூர்க் குடும்பங்களுக்கு இது சிறிய இழப்பன்று. தற்செயலாகக் கேட்கும் வாய்ப்பே அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது.

இதற்காகப் பழைய கம்பிக்கே திரும்பிச் செல்லவேண்டும் என்று கூறுவார் இல்லை. கருவியின் போக்கை அறிந்து அதற்கேற்ப வீட்டு வழக்கத்தை அமைத்துக்கொள்வதே அறிவுடைமை. கேபிளை நிறுத்தும் குடும்பம் மூன்று செய்திகளை எண்ணிப் பார்க்கலாம். ஒன்று, தமிழ் வருவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை வைத்திருத்தல். இணையம் நின்ற நாளில் டிஷ் உதவும். மழையில் டிஷ் மங்கிய நேரத்தில் இணையம் உதவும். இரண்டும் ஓய்ந்த இரவில், மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி உதவும். இரண்டு, நாளில் ஒரு நேரத்தையேனும் கூடத்துப் பெரிய திரைக்கு ஒதுக்கி, வீட்டார் அனைவரும் ஒன்றாகத் தமிழில் காணுதல். மூன்று, முதியோருக்குப் புதிய கருவியைப் பொறுமையோடு பழக்குதல். தொலையியக்கியில் ஒரு பொத்தானை அழுத்திப் பழகியவர்க்கு, செயலி, கடவுச்சொல், சந்தா என்பன எளியவை அல்ல. வீட்டில் தமிழை மிகுதியாக அறிந்தவரே தமிழ்த் திரையிலிருந்து முதலில் விலகிப்போகும் நிலை நேரலாகாது.

வந்து வாழும் நாட்டின் மொழியைக் கற்றலும் நம் கடமையே. சந்தனா அலைவரிசையும் மைசூர் ஆகாசவாணியும் அதற்கு உற்ற துணைகள். 1935-ஆம் ஆண்டில் 30 வாட் ஆற்றலோடு ஒரு வீட்டிலிருந்து எழுந்த குரல், அண்டை வீட்டார் கேட்கவேண்டும் என்னும் எளிய விருப்பத்தால் எழுந்தது. அதன்பின் அலை வளர்ந்தது; கோபுரம் உயர்ந்தது; செயற்கைக்கோள் வந்தது; கம்பி வந்தது; கம்பி நீங்கிற்று. இத்தனை மாற்றங்களுக்கும் இடையே, அக்ரஹாரத்துக் கூடத்தில் தமிழ் நிலைத்ததற்குக் காரணம், அங்கே அதனைக் கேட்பதற்கும் கேட்டதைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்வதற்கும் ஆட்கள் இருந்தமையே. இனி வரும் கருவி எதுவாயினும், அத்தகையோர் ஒரு வீட்டில் இருவரேனும் இருந்தால், தமிழ் அங்கே தங்கும்.